பழைய கைவிளக்கும் புதிய கண்ணும்

நம் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில் இலக்கியமும் சரித்திரமும் ஒழுக்கமும் பேசப்படுவதே வழக்கம். இவ்வாண்டு நாம் ஒரு டார்ச்சு விளக்கைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு வாசகர் சிலர் வியப்படையலாம். பொருள் சிறியதுதான். ஆயினும், நகரத்துத் தெருவிளக்கின் கீழ் நடந்து பழகியவர்க்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும் இக்கருவி, மலையூரில் ஒருவர் வேலை முடிந்து வீடு சேர்வதற்கும் சேராமைக்கும் இடையே நிற்பதாகும். அதனைக் குறித்து நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பரணிற் கிடக்கும் பழைய உலோக விளக்கை எறியலாகாது. அதன் பல்பை மட்டும் மாற்றி, எல்.இ.டி. என்னும் புதிய கண்ணை அதற்கு அளிக்க வேண்டும். அவ்வேலையை நம் மாணவரே செய்யப் பழக வேண்டும் என்பதே அது. இவ்வபிப்பிராயத்திற்குக் காரணங்களை இனிக் கூறுவோம்.

சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஏற்காட்டை நம்மவரிற் பலர் உல்லாசப் பிரயாணத்தின் பொருட்டு அறிவர். ஏரியும் படகும் பக்கோடாக் காட்சிமுனையும் பார்த்துத் திரும்பும் அவர்கள், அதே மலைமேல் சிதறிக் கிடக்கும் மாரமங்கலம் முதலிய ஊராட்சிகளைப் பெரும்பாலும் அறியார். அங்கு வாழ்வோரிற் பெரும்பகுதியினர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். (மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர் இது; கேரளத்தாரோடு இப்பெயர்க்குத் தொடர்பில்லை.) 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொணர்ந்தது முதல், மலையின் முகமே மாறிற்று. காப்பிக்கு நிழல் வேண்டும். ஆகவே, சில்வர் ஓக் முதலிய நெடுமரங்கள் எங்கும் ஓங்கி நிற்கின்றன. அவற்றின்மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. பகலிற் கண்ணுக்கு இனிதாயிருக்கும் அந்நிழலே, பொழுது சாய்ந்ததும் வேறு உருக் கொள்கிறது. மார்கழி தை மாதங்களில் ஆறு மணி கடந்து சிறிது நேரத்திற்குள் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் தன் கை தனக்குத் தெரியாது. நிலவுள்ள இரவிலும் மரத்தடிக்கு நிலவு வருவதில்லை.

மின்சாரக் கம்பி வந்துள்ளதே என்பர். வந்துள்ளது உண்மையே. ஆயினும், காற்று வீசும் காலத்திற் கிளையொன்று முறிந்து கம்பிமேல் விழுமாயின், வீடுகள் இருளில் ஆழ்ந்துவிடும். அன்றியும், மின்சாரம் வீட்டுக்குத்தான் வந்ததே ஒழிய, வீட்டிலிருந்து பால் ஊற்றும் இடத்துக்கும், பேருந்து நிற்கும் திருப்பத்துக்கும், காய்ந்துகொண்டிருக்கும் காப்பிக் களத்துக்கும் செல்லும் பாதைக்கு வரவில்லை.

இப்பாதைகளில் மனிதர் மட்டும் நடப்பதில்லை. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. அவை காப்பித் தோட்டங்களுக்குள் மேயப் புகுவதும், சில சமயங்களில் ஆட்களைத் தாக்குவதும் மலைவாசிகள் நன்கு அறிந்தவை. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒன்று எட்டு நூறு கிலோ எடைக்கு மேற்பட்டு இருத்தல் கூடும். அது தானாகத் தேடி வந்து முட்டுவது அரிது. இருளில் மிக அண்மையில் திடீரென எதிர்ப்படும் மனிதனையே அஞ்சித் தாக்கும். ஆதலின், அது அங்கு நிற்பதை ஐம்பது கஜத்துக்கு அப்பாலேயே அறிந்து ஒதுங்குவது உயிர் காக்கும் செயலாகும். பாம்புகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்றும், ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் என்றும், 2020-இல் வெளியான ஆராய்ச்சியொன்று கணக்கிட்டது. இறந்தவரிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். விரியன் இரவில் இயங்குவது, மிதிக்கப்பட்டபோது கடிப்பது. மருத்துவர்கள் கூறும் எச்சரிக்கைகளுள் முதன்மையானவை இரண்டு: காலில் செருப்பும் கையில் விளக்கும். இவ்விரண்டும் விலையில் மிகச் சிறியவை என்பதைச் சிந்திக்குந்தோறும், இவை இல்லாமையால் நேரும் மரணங்கள் நம் மனத்தை உறுத்துகின்றன.

நிற்க. டார்ச்சு விளக்கின் பூர்வ கதையைச் சிறிது காண்போம். நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் குழல் வடிவான கைவிளக்குக்கு 1899-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உரிமை பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் வலுவற்றவை. பல்பின் கரியிழையோ மின்சாரத்தை மிகுதியாக உண்பது. தொடர்ந்து எரிக்க இயலாமையால், பொத்தானை அழுத்தி ஒரு நொடி மின்னவிட்டு உடனே அணைப்பர். அதனாலேயே ஆங்கிலத்தில் அதற்கு மின்னல் விளக்கு என்னும் பொருள்பட ‘ஃபிளாஷ்லைட்’ எனப் பெயர் வந்தது. பின்னர் டங்ஸ்டன் இழை வந்து குறையை ஒருவாறு நீக்கிற்று. நம் நாட்டில் எவரெடி, ஜீப் என்னும் பெயர்கள் வீட்டுக்கு வீடு வழங்கின. பின்னது அலகாபாத்திற் செய்யப்பட்டது. பித்தளை மீதோ தகரத்தின் மீதோ பளபளப்புப் பூச்சுப் பெற்ற அவ்விளக்குகளை எத்தனை மின்கலம் கொள்ளும் என்பதைக் கொண்டே நம்மவர் பெயரிட்டனர்: இரண்டு கட்டை, மூன்று கட்டை, ஐந்து கட்டை. ஐந்து கட்டை விளக்கு வைத்திருப்பவர் ஊரில் ஒரு மதிப்புடையவர். மணியக்காரரும் தோட்டக் காவற்காரரும் அதனைத் தோளிற் சார்த்தி நடப்பர். வெளிச்சத்துக்கு விளக்காகவும் வேண்டியபோது தடியாகவும் அது பயன்பட்டது.

இன்று அவ்விளக்குகள் எங்கே? நாம் மாரமங்கலம் பக்கத்து வீடுகள் சிலவற்றில் விசாரித்த அளவில், அவை அழிந்துவிடவில்லை. பரண்மேலும், அரிசிக் குதிரின் பின்னும், சுவாமி படத்துக்குக் கீழும் தூசி படிந்து இருக்கின்றன. ‘ஏன் எடுப்பதில்லை?’ என்றால், விடை ஏறத்தாழ ஒன்றே: ‘பல்பு போய்விட்டது, கடையில் அந்தப் பல்பு வருவதில்லை, கட்டையும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.’ உடம்பு முழுவதும் செவ்வையாயிருக்க, கண் ஒன்று கெட்டதனால் ஆளையே மூலையில் உட்கார வைத்தது போலாயிற்று. அதனிடத்தில், சுவரிற் செருகி மின்னேற்றும் பிளாஸ்டிக் விளக்கு வந்துள்ளது. அதுவும் பல வீடுகளில் ஒன்றல்ல, இரண்டு மூன்று கிடக்கக் கண்டோம்; எரிவது ஒன்றே, அல்லது ஒன்றுமில்லை.

இந்தப் பிளாஸ்டிக் விளக்கு மலிவானது, பார்வைக்கு அழகியது, வாங்கிய முதல் மாதத்தில் கண்ணைப் பறிக்கும் ஒளி தருவது. அதன் குற்றம் உள்ளே இருக்கிறது. மலிவான விளக்குகள் பலவற்றுள் அடைத்து வைத்திருப்பது சிறிய ஈய அமிலக் கலம். அவ்வகைக் கலம் ஒன்று முற்றும் வற்றியபின் மின்னேற்றாது கிடக்குமாயின், அதன் ஈயத் தகடுகளில் கந்தகச் சேர்க்கை படிந்து இறுகி, மீண்டும் மின்னை ஏற்காது போய்விடும். நகரத்தில் நாள்தோறும் செருகி வைப்பவர்க்கு அது சில ஆண்டு உழைக்கலாம். மூன்று நாள் மின்சாரம் இல்லாத மலையூரில், அதுவும் மழைக்காலத்திலன்றி மறுகாலங்களில் எடுக்கப்படாத வீட்டில், அது ஓராண்டுக்குள் இறந்துபோவதில் வியப்பில்லை. கலத்தை மாற்றலாமெனின், திருகாணியில்லாது ஒட்டப்பட்ட கூட்டை உடைத்தாலன்றித் திறவாது. ஒரு சங்கத்தார் நல்லெண்ணத்துடன் மலைக்குழந்தைகளுக்கு இத்தகைய விளக்குகளை வழங்கினர். அவற்றுட் சிலவற்றை நாம் பின்னர்க் கண்டது காப்பிச் செடியின் அடியில், குப்பையோடு.

இனிப் பழைய விளக்கின் பக்கம் வருவோம். மூன்று கட்டை விளக்குக்குரிய பழைய பல்பின் பூணில் 3.8 வோல்ட்டு, 0.3 ஆம்பியர் எனப் பொறித்திருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஒரு வாட்டுக்குச் சிறிது மேல். இச்சிற்றிழைப் பல்புகள் வாட்டு ஒன்றுக்குப் பத்து லூமென் அளவே ஒளி தருவன, எஞ்சியதெல்லாம் வெப்பம். அன்றியும், இழைப் பல்பின் ஒளி, மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் பெரிதும் குறையும் இயல்பினது. புதுக்கட்டையின் 1.5 வோல்ட்டு 1.2 வோல்ட்டாக இறங்கும்போது அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று. ஒளியிலோ பாதிக்கு மேல் போய்விடும். 1.0 வோல்ட்டுக்கு இறங்கினால் எஞ்சுவது கால்பங்கு, அதுவும் செம்மஞ்சள் நிறமாக. ஆகவேதான், உள்ளே இன்னும் சக்தியுள்ள கட்டைகளைத் ‘தீர்ந்தது’ என்று மக்கள் எறிகின்றனர். வெயிலிற் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்க்கும் பாட்டிமார் செய்கையை நகைப்பவர் உண்டு. சிறிதளவேனும் அது பயன்படுவதாலேயே அவர்கள் செய்கின்றனர்.

எல்.இ.டி.யின் வழி வேறு. அங்கே இழையுமில்லை, இழையைப் பழுக்கக் காய்ச்சுவதுமில்லை. குறைக்கடத்திப் படிகமொன்றில் மின்னோட்டம் செல்லும்போது அதுவே ஒளியாக வெளிப்படுகிறது. 1962-இல் அமெரிக்கரான நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் எல்.இ.டி.யை ஆக்கினார். எனினும், நீல ஒளி கைகூடும் வரையில் வெள்ளொளி இல்லை. அந்நீலத்தை ஜப்பானியரான அகசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் வருந்தி முயன்று வெளிப்படுத்தியதற்கே 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. நீல ஒளிமேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்றை வைத்ததும் வெள்ளொளி கிடைத்தது. இன்று சாதாரணக் கடையில் விற்கும் எல்.இ.டி. மணியும் வாட்டு ஒன்றுக்கு நூறு லூமெனும் அதற்கு மேலும் தரவல்லது. பழைய பல்பினும் பத்து மடங்கு.

செய்முறையை விரித்துச் சொல்ல வேண்டியிருப்பது மூன்று கட்டை விளக்குக்கே. ஏனெனில் அதுவே மாற்றத்துக்கு மிக இசைந்தது. எரிந்துபோன பழைய பல்பைத் துணியிற் சுற்றி, கண்ணாடியை மெல்ல உடைத்து, திருகுப் பூணை மட்டும் எடுத்துக்கொள்க. அப்பூணுக்குள் 15 ஓம் தடை ஒன்றையும், அதனோடு ஒரு வாட்டு எல்.இ.டி. மணி ஒன்றையும் ஈயப்பற்றுக் கொண்டு இணைக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட்டு வேண்டும். மூன்று கட்டை தருவது 4.5 வோல்ட்டு. எஞ்சிய அழுத்தத்தைத் தடை ஏற்றுக்கொள்ள, 0.1 ஆம்பியருக்குச் சிறிது குறைந்த மின்னோட்டமே செல்லும். அம்மணி தாங்கவல்ல அளவில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலின், மணி சூடேறுமோ என்னும் கவலை இல்லை. கால் வாட்டுத் தடையே இதற்குப் போதும். கட்டையிலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் முன்னையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைகிறது. ஒளியோ இரண்டு மடங்குக்கு மேலாகிறது. துத்தநாகக் கரிக்கட்டைக்கு ஒரு குணம் உண்டு: மெல்ல மெல்ல எடுத்தால் மொத்தத்தில் மிகுதியாகக் கொடுக்கும். எனவே, கட்டையின் ஆயுள் மூன்று மடங்கினும் கூடுதலாகவே நீடிக்கும். கட்டை தளரும்போது இவ்விளக்கின் ஒளியும் குறையத்தான் செய்யும். ஆயினும், பாதி தளர்ந்த கட்டையிலும் அது தரும் வெளிச்சம், புதுக்கட்டையிற் பழைய பல்பு தந்ததற்குத் தாழாது. தினக்கூலியில் மாதந்தோறும் கட்டைக்குப் பணம் ஒதுக்கும் வீட்டுக்கு இவ்வித்தியாசம் எவ்வளவென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

திருகுப் பூணோடு கூடிய எல்.இ.டி. பல்புகள் ஆயத்தமாகவும் விற்கின்றன. வாங்குவோர் அதன் வோல்ட்டு அளவைக் கேட்டே வாங்க வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. இழைப் பல்பு கட்டையை எப்பக்கம் போட்டாலும் எரியும். எல்.இ.டி. அங்ஙனமன்று, அது ஒருவழிப் பாதை. கட்டையின் குமிழ் பல்பை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு, ‘புதுப் பல்பு பொய்’ என்று மீண்டும் பரணில் ஏற்றிவிடுவர். ஆதலால், விளக்கின் அடிமூடியில் ஆணியாற் கீறி ஒரு குறியிட்டுக் கொடுத்தல் நலம்.

இரண்டு கட்டை விளக்கு சற்றுத் தொல்லை தருவது. அதன் 3 வோல்ட்டு எல்.இ.டி.யை ஏற்றவும் ஏற்றாமலும் விளிம்பில் நிற்கும். கட்டை சிறிது தளர்ந்ததும் ஒளி மறையும். இங்குதான் பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இன்பமான வேலை இருக்கிறது. கெட்டுப்போன சி.எஃப்.எல். விளக்கின் அடிப்பாகத்தை உடைத்தால் உள்ளே சிறு ஃபெரைட்டு வளையம் ஒன்று கிடைக்கும். அதன்மேல் இரு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றி, ஒன்றின் முனையை மற்றதன் தொடக்கத்தோடு பிணைத்து, டிரான்சிஸ்டர் ஒன்றையும் 1,000 ஓம் தடை ஒன்றையும் கூட்டினால், அச்சிறு கூட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னை அடைத்தும் திறந்தும் அழுத்தத்தை உயர்த்தித் தரும். இரண்டு கட்டையிலும் ஒரு கட்டையிலும், ஏன், பிறர் எறிந்த கட்டையிலும் அது எல்.இ.டி.யை எரிக்கும். ஒளி சிறிதே, ஆயினும் கால்வைக்கும் இடத்தைக் காட்டப் போதும். நூலில் தன்தூண்டல் என்று படித்து மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மறந்ததை, கையிற் பிடித்துக் கொண்டு இருட்டில் நடந்து பார்க்க இதனினும் நல்ல வழி யாது?

ஐந்து கட்டை விளக்கைப் பற்றி நம் அபிப்பிராயம் சிறிது வேறு. தடை கொண்டு அதனை மாற்றினால், கட்டை தரும் சக்தியிற் பாதிக்கு மேல் தடையிலேயே சூடாக வீணாகும். அதனினும் முக்கியமான குறையை நமக்கு எடுத்துரைத்தவர் முதிய காவற்காரர் ஒருவர். மாற்றிய விளக்கை அவர் கையிற் கொடுத்தோம். மேலும் கீழும் அடித்துப் பார்த்து, ‘வெளிச்சம் அதிகந்தானுங்க, ஆனா தூரம் போகலீங்களே’ என்றார். அவர் சொன்னது ஒளியியலுக்கு முற்றும் பொருந்தியதே. பழைய விளக்கின் குழிந்த பிரதிபலிப்பான், தன் குவியத்தில் அமர்ந்து எப்பக்கமும் ஒளி வீசும் இழைக்கென்று செய்யப்பட்டது. பக்கவாட்டிற் செல்லும் ஒளியைச் சேர்த்து ஒரே கற்றையாக முன்னே எறிவது அதன் தொழில். எல்.இ.டி. மணியோ தட்டையானது, முன்னோக்கியே ஒளி விரிப்பது. அவ்வொளியிற் பெரும்பகுதி பிரதிபலிப்பானைத் தொடாமலே வாய்வழிச் சென்று அகலப் பரந்துவிடுகிறது. காலடிப் பாதைக்கு இது நன்மை, விரியனைக் காட்டும். தொலைவில் நிற்கும் காட்டெருமையைக் காட்டுவதற்கு இது போதாது. பக்கவாட்டில் ஒளி விடுமாறு மணிகளைச் சுற்றிலும் பதித்த பல்புகள் உள்ளன. அவற்றை இட்டு, விளக்கின் தலையைத் திருகித் திருகிக் குவியம் பார்த்தால் பெரிதும் சரியாகும். அது கிடைக்கும் வரையில், ஐந்து கட்டை வைத்திருக்கும் காவற்காரர், எரியும் இழைப் பல்பு கைவசம் உள்ளமட்டும், அதனை மாற்றாதிருப்பதே நன்று. புதியது என்பதற்காக எதையும் எவர்மேலும் திணித்தல் ஆகாது.

மஞ்சுமூட்டத்தைப் பற்றியும் மலைவாசிகள் குறை கூறுவர்: வெள்ளை வெளிச்சம் பனியில் கண்ணைக் கூசச் செய்கிறது, பழைய மஞ்சள் வெளிச்சமே ஊடுருவிற்று என்பர். நிறத்தால் நேரும் வித்தியாசம் அவர் நினைக்கும் அளவு பெரிதன்று. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் மிகப் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேயளவு சிதறடிக்கும். கூச்சத்துக்குக் காரணம், ஒளி முன்னையிலும் மிகுந்திருப்பதும், விளக்கை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடிப்பதுமாம். கையைத் தொங்கவிட்டு முழங்கால் மட்டத்திற் பிடித்தால், திரும்பிவரும் ஒளி கண்ணிற் படுவது குறைந்து பாதை தெளியும். வெப்பமான மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி.யும் கிடைக்கிறது, விரும்புவோர் அதையே இட்டுக்கொள்க.

வேறொரு தீமை இம்மாற்றத்தினாலேயே வருவது; அதை மறைத்தல் முறையன்று. கட்டை நெடுநாள் உழைக்கிறது என்ற மகிழ்ச்சியில், அதனை விளக்கினுள்ளேயே மாதக்கணக்கில் மறந்துவிடுவர். கரிக்கட்டையின் வெளிக்கூடான துத்தநாகமே அதன் ஒரு மின்முனையாதலால், உபயோகத்தில் அது கரைந்துகொண்டே வரும். ஒருநாள் துளை விழுந்து உள்ளிருக்கும் சாறு கசிந்து, பித்தளையை அரித்து, பொத்தானைப் பச்சை பிடிக்கச் செய்யும். நாம் கண்ட பழைய விளக்குகளில் பல்பு போனவற்றுக்கு அடுத்தபடி மிகுதியாயிருந்தவை இவ்வாறு அரிக்கப்பட்டவையே. வீட்டிலிருக்கும்போது அடிமூடியை ஒரு சுற்று தளர்த்தி வைப்பதும், ஆண்டுக்கொரு முறை உப்புத்தாள் கொண்டு தகட்டு முனைகளைத் தேய்ப்பதும், பழங்கட்டையோடு புதுக்கட்டையைச் சேர்த்துப் போடாமையும் போதிய காப்பாகும்.

‘இவ்வளவு பாடு எதற்கு? எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறதே, அதிலேயே விளக்கும் இருக்கிறதே’ என்று கேட்கும் இளைஞர் நம் வகுப்பிலேயே உண்டு. நாமும் அவ்விளக்கைக் கொண்டு சாவித்துவாரம் தேடியதுண்டு. மலைப்பாதையில் அது தகாது. மழையில் நனையும், கைநழுவினால் உடையும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் காட்டாது. முக்கியமாக, கடிபட்டவரையோ முட்டுண்டவரையோ எடுத்துச் செல்ல 108 வண்டியை அழைப்பதற்கு அச்செல்பேசியில் உயிர் இருந்தாக வேண்டும். நடக்கும்போதே அவ்வுயிரை வெளிச்சமாகச் செலவழித்துவிட்டு, வேண்டிய சமயத்தில் இருண்ட கண்ணாடியைப் பார்த்து நிற்பது அறிவுடைமையன்று. கரிக்கட்டையோ, சிறிய பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மின்சாரம் நின்ற நாலாம் நாளிலும் எரியும்.

குப்பையைக் குறித்தும் நம் கருத்தைச் சொல்ல வேண்டும். 2022-இல் இந்திய அரசு பாட்டரிக் கழிவு பற்றி விதிகள் வெளியிட்டு, விற்ற கலங்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தது. நல்ல விதியே. ஆனால், இருபது கொண்டையூசி வளைவுக்கு மேலே, தோட்டத்து மூலையில் உடைந்து கிடக்கும் ஈயக் கலத்தைத் தேடி எந்த உற்பத்தியாளர் ஏறி வருவார்? அந்த ஈயம் மழையோடு இறங்கும் ஓடையின் நீரைக் கீழேயுள்ளோரும் குடிக்கின்றனர். கரிக்கட்டையும் குப்பைதான், எனினும் அதில் ஈயத்தின் நஞ்சு அத்துணை இல்லை, எல்.இ.டி. வந்தபின் அதன் எண்ணிக்கையும் மூன்றில் ஒன்றாகக் குறையும். ஒரு விளக்கு நாற்பது ஆண்டு உழைத்தபின் இன்னும் நாற்பது ஆண்டு உழைக்கக்கூடுமானால், அதனிடத்தில் நாற்பது பிளாஸ்டிக் விளக்குகள் பிறந்து இறக்க வேண்டுவதில்லை.

கல்லூரிக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு ஓர் உதாரணம் காட்டுவோம். கனடா தேசத்துக் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் ஆசிரியராயிருந்த டேவ் இர்வின்-ஹாலிடே என்பார் 1997-இல் நேபாளத்து மலைகளில் நடந்து செல்கையில், பள்ளிக்கூடமொன்றின் ஜன்னல்வழி நோக்கி, பிள்ளைகள் படிக்க இயலாதவாறு உள்ளே இருண்டிருக்கக் கண்டார். ஊர் திரும்பி, அப்பொழுதுதான் புதிதாய் வந்திருந்த வெள்ளை எல்.இ.டி.களைக் கொண்டு விளக்குகள் செய்து, மீண்டும் அம்மலையூர்களுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அம்முயற்சி பல தேசங்களுக்கும் பரவிற்று. அவருக்கு அங்கே உரிய வேலை எதுவும் இல்லை. அவ்வழியாக நடந்தார், கண்டார், தம் தொழில் அதற்கு உதவும் என்று அறிந்தார். நமக்கோ மலை கண்ணுக்கெதிரே நிற்கிறது.

ஆகவே, பௌதிகச் சோதனைச் சாலையில் ஈயப்பற்றுக் கோல் பிடிக்கத் தெரிந்த மாணவர் நால்வர், மாதம் ஒரு சனிக்கிழமை, மாரமங்கலத்துச் சந்தியில் ஒரு மேசை போட்டு உட்காரலாம் என்பது நம் யோசனை. தருமம் என்ற பெயரும் வேண்டா, மேடையும் மாலையும் வேண்டா. தடைக்கும் எல்.இ.டி. மணிக்கும் ஆகும் சிறு தொகையை விளக்குக்குரியவரே கொடுப்பர். கொடுத்து வாங்கிய பொருளுக்கே வீட்டில் மதிப்பு. மலையூர்ப் பிள்ளைகளுள் ஆர்வமுள்ள இருவருக்கு அவ்வேலையைக் கற்பித்துவிட்டால், ஓராண்டுக்குப் பின் நம் மாணவர் செல்ல வேண்டிய தேவையும் இராது. கைவேலையை இழிவென எண்ணும் படித்தவர் மனப்பான்மைக்கும் அம்மேசை நல்ல மருந்து.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேலத்திலும் சென்னையிலும் உங்கள் தகப்பனார் காலத்து டார்ச்சு விளக்குகள் எங்கேனும் கிடக்கும். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுமுன் நம் பௌதிகப் பகுதிக்கு அனுப்புங்கள். முழுதும் அரித்துப்போனதாயினும் கவலையில்லை: ஒன்றின் பொத்தானும், மற்றொன்றின் கண்ணாடியும், வேறொன்றின் அடிமூடிச் சுருள்வில்லும் சேர்ந்து நல்ல விளக்கு ஒன்றாகும். கட்டைகளை மட்டும் கழற்றிவிட்டு அனுப்புக.